நெருப்பு மிதிக்கும் ஊரில் ஒரு புத்தகப் பயம்

புத்தகம் திரும்பி வந்தபோது, மீன் கட்டிக் கொடுப்பதுபோலப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே நூல் போட்டிருந்தார்கள். கொண்டுவந்தவர் என்னிடம் படித்தவர், இப்போது கரைவலைச் சம்மாட்டி. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"உங்களைக் குறை சொல்லல்ல மாஸ்டர். ஆனா இந்த மாதிரிப் புத்தகத்தை வயசுப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

"வாசிச்சுப் பார்த்தியா தம்பி?"

"எதுக்கு வாசிக்கணும்? பின்னட்டையிலயே போட்டிருக்காம். பெரியவன் சொன்னான்."

அவருடைய மகள் உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள். பாடத்துக்கு வெளியே ஏதாவது வாசிக்கத் தாருங்கள் என்று கேட்டாள். டொரொன்டோவிலிருந்து வந்துபோன என் மருமகள் விட்டுப்போன நாவலைக் கொடுத்தேன். ஷியாம் செல்வதுரை எழுதிய 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ'. 2005இல் கனடாவில் இளையோருக்கென்றே வெளியிடப்பட்டது. மழைக்காலக் கடலில் நீந்துதல் என்று தலைப்பைத் தமிழாக்கலாம்.

ஒரு வாரத்துக்குள் எங்கள் ஊரான உடப்பில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. வாசித்தவர் ஒருவரும் இல்லை, தீர்ப்புச் சொல்லாதவரும் இல்லை. கோயில் வீதியிலும் தேநீர்க் கடையிலும் என் காதில் விழுந்த தீர்ப்புகளுக்குத்தான் இந்தப் பதில். ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் கதை. காலம் 1980, இடம் கொழும்பு. அமிர்த் என்ற 14 வயதுப் பையன். தாய் தகப்பன் இல்லை. தாயின் சிநேகிதி குடும்பத்தில் வளர்கிறான். வீடு வசதியானது, அன்பானதும்கூட. ஆனால் தன் வீடு இல்லை என்ற உறுத்தல் அவனுக்கு ஓயாமல் இருக்கிறது. பாடசாலையில் 'ஒதெல்லோ' நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. அந்த நேரத்தில் கனடாவிலிருந்து நிரேஷ் என்ற ஒன்றுவிட்ட சகோதரன் வருகிறான். அமிர்துக்கு உறவு கிடைத்த சந்தோஷம். அந்தச் சந்தோஷம் மெல்ல மெல்ல வேறொன்றாகிறது. நிரேஷ் யாரோடு சிரித்தாலும் இவனுக்கு நெஞ்சு எரிகிறது. அந்த எரிச்சலுக்கு என்ன பெயர் என்று தெரியாமலே பாதி நாவல் போகிறது. அது கடைசியில் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

"படிச்சா பிள்ளை கெட்டுப்போகும்" என்பதுதான் ஊரின் பெரிய வாதம். புத்தகம் கிருமி மாதிரி, தொட்டால் ஒட்டும் என்று ஒரு நம்பிக்கை.

சரி, அமிர்துக்கு எந்தப் புத்தகத்திலிருந்து ஒட்டியது? அவன் வளரும் வீட்டில் புருஷன் பெண்சாதி, படிக்கும் நாடகத்தில் புருஷன் பெண்சாதி. அவன் கண்டதெல்லாம் நம்முடைய பிள்ளைகள் கண்டதுதான். கண்டதைப் பார்த்துத்தான் மனம் போகும் என்றால் அவன் மனம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அல்லவா போயிருக்க வேண்டும்? கற்பனைப் பையனை விடுங்கள். நான் பாடம் நடத்திய ஒரு வகுப்பைச் சொல்கிறேன்.

பத்தாம் ஆண்டு. எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். ஒரு பையன் இருந்தான். நல்ல குரல், தேவாரம் பாடினால் வகுப்பு அடங்கும். நடையில் ஒரு நளினம். பின்வாங்கிலிருந்து "பொன்னயா" என்று ஒரு குரல் கிளம்பும், வகுப்பே சிரிக்கும். அந்தச் சிங்கள வசைச்சொல்லுக்குத் தமிழ் வகுப்பில் அர்த்தம் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை என்று நடித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருடம் முழுக்க நடித்தேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே அவன் வருவதை நிறுத்திவிட்டான். கொழும்புக்குப் போனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் விசாரிக்கவும் இல்லை.

அப்போது எங்கள் கரையில் இந்த மாதிரி நாவல் ஒன்றின் அட்டையைக்கூட யாரும் கண்டதில்லை. பிள்ளைகள் அந்தச் சொல்லைப் படித்தது பஸ் ஹோல்ட்டில், கடற்கரையில், வீட்டுத் திண்ணையில். கற்பித்தது நாம். ஆசிரியரின் மௌனமும் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி. ஆகவே சம்மாட்டி தம்பி, புத்தகம் வந்துதான் பிள்ளைக்கு விஷயம் தெரிகிறது என்று சொல்லாதே. விஷயம் தெரியும். அதற்கு ஒரு சொல்தான் தெரியும், அது கல்லெறிகிற சொல். நாவல் செய்கிற காரியம், அதே விஷயத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட பக்கங்களில் வேறு சொற்களைக் கொடுப்பது. அமிர்தும் முதலில் அறிந்துவைத்திருப்பது அந்த வசையைத்தான்.

சொல் இல்லாமல் போவது என்னவென்று இந்தக் கரைக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்குத் தெரியும்? சிலாபத்திலிருந்து நீர்கொழும்புவரை கத்தோலிக்க மீனவக் கிராமங்களில் வீட்டிலும் கோயிலிலும் தமிழ் பேசினார்கள். போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாடசாலைகள் சிங்களத்துக்கு மாறின. இரண்டு தலைமுறை. இன்று பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் மொழி தெரியாது. பாட்டி தனக்கு நடந்ததைச் சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் ஆள் இல்லை. மொழி போனதைப் பற்றி ஆண்டுக்கு இரண்டு கூட்டம் போட்டு அழுகிறோம். தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல சொல்லும் இல்லாத பிள்ளை பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் நமக்கு அழுகை வருவதில்லை.

"இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்" என்பது அடுத்தது. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் சொன்னவர் எங்கள் கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பவர்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உடப்பு, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தமிழ்க் கிராமம். ராமேஸ்வரப் பக்கமிருந்து தோணியேறி வந்தவர்கள் நாங்கள் என்பது வழிவழிக் கதை. பார்த்தசாரதியும் திரௌபதை அம்மனும் எங்கள் குலதெய்வங்கள். ஆடியில் 18 நாள் திருவிழா, முடிவில் தீ மிதிப்பு. மகாபாரதம் எங்களுக்குப் புத்தகத்தில் இருக்கிற கதை இல்லை, ஆண்டுதோறும் ஊருக்குள் நடக்கிற கதை.

அந்தப் பாரதத்தில் வில்லுக்கு விஜயன் என்று நாம் கொண்டாடும் அர்ச்சுனன், விராட நகரத்தில் ஓராண்டு பிருகன்னளை என்ற பேடியாக இருந்து உத்தரைக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறான். பெண்ணாய்ப் பிறந்து ஆணான சிகண்டியைக் கண்டதும் பீஷ்மர் வில்லைத் தாழ்த்துகிறார். மோகினியாகி அரவானை மணந்த கண்ணனின் கதையை வைத்துத்தான் தமிழ்நாட்டுக் கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் தாலி கட்டி, மறுநாள் அறுக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளை எதுவும் கெட்டுப்போகவில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கேட்கிறோம்.

"பேடியும் இதுவும் ஒன்றா மாஸ்டர்?" என்று கெட்டிக்காரர் கேட்பார். ஒன்றில்லை. உடம்பின் பால் மாறுவது வேறு, மனம் தன் பாலிடம் போவது வேறு. தமிழாசிரியனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். நன்னூலே பேடு என்ற சொல் எந்தப் பாலில் சேரும் என்று விதி எழுதிவைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் பேடு ஒன்று. ஆணும் பெண்ணுமாய் இரண்டே பெட்டி, மற்றதெல்லாம் நேற்றுக் கப்பலில் வந்தது என்று சொல்வதற்கு நம் இலக்கணமும் இலக்கியமும் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் என் வாதம். பதினேழு வயதில் மயான காண்டம் நாடகத்தில் நானே சந்திரமதியாகச் சேலை கட்டி ஆடியிருக்கிறேன். மாலை போட்டார்கள். அமிர்தும் டெஸ்டிமோனாவாக ஒத்திகை பார்க்கிறான். மேடையில் ஏற்றி மாலை போடுகிற அதே நளினத்தைத்தான் வகுப்பில் கல்லால் அடிக்கிறோம்.

உண்மையில் கப்பலில் வந்தது எது என்று கேட்டால், தண்டனை. தன்பால் உறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தைப் பார்த்து இலங்கைக்கு எழுதியது. இங்கிலாந்து தன் நாட்டில் அந்தச் சட்டத்தை 1967இலேயே தளர்த்திவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. நாம் என்ன செய்தோம்? செல்வதுரையின் முதல் நாவல் 'ஃபனி போய்' வந்தது 1994. அடுத்த ஆண்டே, 1995இல், நம் பாராளுமன்றம் 365அ பிரிவில் 'ஆண்' என்றிருந்த இடத்தை 'ஆள்' என்று மாற்றி, அதுவரை தப்பியிருந்த பெண்களையும் அதற்குள் இழுத்துப் போட்டது. வெள்ளைக்காரன் விட்டுப்போன விலங்கை உடைக்காமல் இன்னொரு சோடி செய்து பூட்டினோம்.

2023இல் இந்தப் பிரிவுகளை நீக்க ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. எதிர்த்து மனுக்கள் போட்டார்கள். அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த மே மாதமே சொல்லிவிட்டது. சட்டமூலம் நிறைவேறவில்லை, 2024இல் பாராளுமன்றமே கலைந்தது. கலாசாரம் என்ற பெயரில் நாம் காத்துக்கொண்டிருப்பது விக்டோரியா மகாராணி காலத்துப் பத்திரம்.

இனி, எனக்குக் கொஞ்சம் கஷ்டமான வாதம். இதைச் சொன்னவர்கள் பழமைவாதிகள் இல்லை, நல்ல மனிதர்கள், எனக்கு நண்பர்கள். "இது கொழும்பு ஏழுக்காரருடைய துயரம். எங்கள் பிள்ளைக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருக்கிறது, களப்பில் மீன் குறைந்திருக்கிறது, டீசல் விலை இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களில், முகாமில் பிறந்தவர்களுக்கு இன்னும் காணிப் பிரச்சினை இருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு பணக்காரப் பொடியனின் காதல் கவலை எதற்கு?"

இதில் பாதி எனக்கும் தோன்றியதுதான். நாவலை வாசிக்கும்போது எரிச்சல் பட்டேன். வேலைக்காரர் உள்ள வீடு, ஆங்கிலத்தில் பேச்சு, துக்கப்படுவதற்கு வேண்டிய அளவு ஓய்வு. எங்கள் 14 வயதுப் பையனுக்கு அமிர்த் மாதிரி மழையைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை, விடியப்புறம் வலை இழுக்கப் போகவேண்டும். செல்வதுரையின் உலகத்தில் கடற்கரை என்பது விடுமுறைக்குப் போகும் இடம். இந்தக் குறையை நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்த வாதத்தின் மற்றப் பாதி ஏமாற்று. பசி உள்ளவனுக்கு மனம் இல்லை என்று சொல்வது பணக்காரன் சொல்லும் வார்த்தை, அதை நாமே நம்மைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம். ஆண் பெண் காதலுக்கு இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. நுரைச்சோலைச் சாம்பலுக்கு நடுவிலும் தொலைக்காட்சியில் காதல் படம் ஓடுகிறது, கலியாண வீட்டில் பாட்டுப் போகிறது. அப்போது மட்டும் களப்பின் மீன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. முகாமைச் சொன்ன நண்பருக்கு ஒன்று. நீ யார் என்பதற்காக இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டு வெளியேறு என்று சொல்லப்பட்ட மக்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களுடைய இழப்போடு நான் எதையும் ஒப்பிடவில்லை. ஆனால் பெற்ற வீட்டிலேயே அப்படி வெளியேற்றப்படும் ஒரு பிள்ளையின் கதையை விளங்கிக்கொள்ளத் தகுதி யாருக்கு அதிகம் என்று யோசியுங்கள். 'ஃபனி போய்' நாவலில் ஆர்ஜி என்ற பையனின் கதை 1983 ஆடிக் கலவரத்தில்தான் போய் முடிகிறது. இனத்துக்காக வீடு எரிவதும் மனசுக்காக வீட்டில் ஒதுக்கப்படுவதும் ஒரே பிள்ளைக்கு நடக்கிறது. செல்வதுரையே தமிழ்த் தகப்பனுக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, அந்தக் கலவரத்துக்குப் பிறகு கனடா போனவர்.

அந்த நாவலைத் தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். அதில் பேசிய தமிழ் தமிழாகவே இல்லை என்று உலகம் முழுக்க நம்மவர் கொதித்தார்கள். நியாயமான கோபம், நானும் கொதித்தேன். ஆனால் ஆர்ஜி தமிழைச் சரியாக உச்சரிக்கவேண்டும் என்று கேட்ட வாய்கள், ஆர்ஜி மாதிரி ஒரு பையன் நம் வீட்டில் தமிழில் வாய் திறந்தால் என்ன சொல்லும்? தமிழ்நாட்டில் நீதிமன்றம் வற்புறுத்தி, 2022இல் அரசிதழில் இந்த விஷயத்துக்கென்றே ஒரு சொல்லகராதி வெளியிட்டார்கள். தன்பாலீர்ப்பு, பால்புதுமை என்றெல்லாம் சொற்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அவை இன்னும் எங்கள் திண்ணைக்கு வரவில்லை. வந்து, வாயில் புரண்டு, தேய்ந்து வீட்டுச் சொல்லாவதற்குக் கதைகள் வேண்டும். அரசிதழை யாரும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதில்லை.

"சரி, ஆனால் இந்த வயதிலா?" என்று கடைசியாக ஒரு முனகல். படுக்கையறைக் காட்சி தேடி இந்த நாவலைத் திறப்பவர் ஏமாந்துபோவார். இது பொறாமையைப் பற்றிய நாவல். அதே சம்மாட்டியின் மகள் போன்ற பிள்ளைகளுக்கு உயர்தர வகுப்பில் 'ஒதெல்லோ' படிப்பித்திருக்கிறோம். அதில் சந்தேகம் கொண்ட ஒருவன் பெண்சாதியைக் கட்டிலில் வைத்து மூச்சை அடைத்துக் கொல்கிறான். அதைப் பரீட்சையில் கேட்டு மதிப்பெண் போட்டிருக்கிறோம். கொலை பாடத்திட்டத்துக்குள், ஒரு பையனின் வாய் திறக்காத அன்பு பத்திரிகைத் தாளுக்குள். 14 வயதுப் பையனுக்கு நடப்பதை 17 வயதுப் பெண் வாசிக்கக்கூடாது என்றால், வயது இங்கே ஒரு சாட்டு.

உண்மையான பயம் வேறு என்று நினைக்கிறேன். அந்தத் தம்பி கதிரையில் உட்காராமல் நின்றபோது அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. மகள் ஏன் இந்தப் புத்தகத்தை மூன்றே நாளில் வாசித்து முடித்தாள் என்ற கேள்வி இருந்தது. வேகமாக வாசிக்கிற பிள்ளை வேகமாக வாசிக்கும், வேறு காரணம் இருக்கவேண்டியதில்லை. இருந்தாலும் அது அவளுடைய காரணம். ஆனால் ஊரிலுள்ள ஒவ்வொரு தகப்பனிடமும் கேட்கிறேன்: காரணம் இருந்தால்? புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு அதுவும் திரும்பிப் போய்விடுமா? அவள் அதைத் தனியாக வைத்துக்கொண்டு இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு என்ன நடக்கும்?

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டொரொன்டோவில் இதை வாங்குகிறவருக்கு மழைக்காலக் கடலில் நீந்துவது அழகான படமாகத் தெரியும். எங்களுக்கு அது உயிர்போகிற விஷயம். சோளகக் காற்று எழும்பினால் இந்தக் கரையில் கடல் இறங்கக்கூடாத இடம். தோணியைக் கரைக்கு ஏற்றிவிட்டு, வாடி போட்டுத் தொழில் செய்யக் கிழக்குக் கரைக்குப் போவார்கள். அந்த மாதங்களில் யாராவது ஒரு பையன் தண்ணீருக்குள் நின்றால், யாருடைய பிள்ளை என்று நாங்கள் கேட்பதில்லை. சத்தம் போட்டுக் கூப்பிடுவோம், கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஆகவே பின்னட்டையைப் பார்க்காமலே, தலைப்பைக் கண்டவுடனே இந்தப் பையன் ஆபத்தில் இருக்கிறான் என்று விளங்கவேண்டிய வாசகர்கள் உலகத்தில் யாராவது உண்டென்றால் அது நாங்கள்தான்.

புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பத்திரிகைத் தாளைக் கழற்றிவிட்டேன். திட்டுகிறவர்கள் வந்து எடுத்துப்போய் வாசித்துவிட்டு வந்து திட்டுங்கள், தேநீர் போட்டுத் தருகிறேன். ஆங்கிலம் வராதவர்களுக்குப் பின்னேரங்களில் நானே தமிழில் சொல்லிக்காட்டுவேன். ஆடித் திருவிழா நடக்கும் 18 நாளும் மட்டும் வராதீர்கள், நான் கோயிலில் பாரதம் கேட்டுக்கொண்டிருப்பேன்.